கூகர்: கப்பல் தளத்தில் இறங்கப் பழகிய சாய்ந்த இறக்கை

1950 நவம்பரில் கொரியாவின் வட எல்லையில், யாலு ஆற்றுப் பக்கமாக இரண்டு வகைப் போர் விமானங்கள் முதன்முறையாக ஒன்றையொன்று எதிர்கொண்டன. ஒன்று அமெரிக்கக் கடற்படையின் பன்தர். மற்றது சோவியத் தயாரிப்பான மிக்-15. இரண்டுக்குள்ளும் ஓடிய இயந்திரம் ஏறத்தாழ ஒன்றுதான். பிரித்தானியாவின் றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் வடிவமைத்த 'நீன்' என்ற ஜெட் இயந்திரத்தின் வழிவந்தவையே இரண்டும். இருந்தும் மிக்-15 மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வேகமாகப் பறந்தது.

வித்தியாசம் இறக்கையில் இருந்தது. பன்தரின் இறக்கை உடலுக்குக் குறுக்காக நேரே நீண்டது. மிக்கின் இறக்கை 35 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருந்தது.

இந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய அவசரமாக உருவாக்கப்பட்ட விமானம்தான் கிறமன் நிறுவனத்தின் எஃப்9எஃப்-6. அதற்கு இட்ட பெயர் 'கூகர்'. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த முதல் பின்சாய்ந்த இறக்கைப் போர் விமானங்களில் அதுவும் ஒன்று. அந்த இறக்கை ஏன் தேவைப்பட்டது, அதைக் கப்பலில் இறக்குவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது, கடைசியில் கூகர் எதற்குப் பயன்பட்டது என்பவற்றை இக்கட்டுரை சொல்கிறது.

ஒரே இயந்திரம், இரண்டு கணக்கு

முதலில் இயந்திரத்தின் கதை. நீன் இயந்திரம் 1944 ஒக்டோபரில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. அன்றைய ஜெட் இயந்திரங்களில் அது மிகவும் வலுவான ஒன்று. உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியாவின் கருவூலம் வெறுமையாகிவிட்டிருந்தது. ஏற்றுமதி வருமானம் அவசரமாகத் தேவைப்பட்டது. 1946இல் அட்லியின் தொழிற்கட்சி அரசு, நீன் இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்க அனுமதி கொடுத்தது. சோவியத் பொறியியலாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். பின்னர் மேலும் வலுவூட்டினார்கள். மிக்-15 அந்த இயந்திரத்தோடுதான் பறந்தது.

அமெரிக்காவில் பிறற் அன்ட் விற்னி நிறுவனம் உரிமம் பெற்று அதே நீனை ஜே42 என்ற பெயரில் தயாரித்தது. பன்தருக்குப் பூட்டப்பட்டது அதுதான். ஆக, ஒரு பக்கம் உரிமப் பணம் கொடுத்தது, மறுபக்கம் கொடுக்கவில்லை. பின்னாளில் அந்தப் பணத்தைச் சோவியத்திடம் கேட்டுப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. கணக்காளனாகிய நான் வேறு எந்தப் பேரேட்டிலும் இப்படியொரு அறவிடமுடியாக் கடனைக் கண்டதில்லை. விற்ற பொருளின் வாரிசு, விற்றவரின் நட்பு நாட்டு விமானிகளையே வானத்தில் துரத்தியது.

இதே நீன் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. இந்தியக் கடற்படை வாங்கிய பிரித்தானிய 'சீ ஹோக்' விமானத்தின் இயந்திரமும் இதுவே. ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலிலிருந்து 1971 போரில் பறந்தவை அவை. கோவாவுக்கு மாறுவதற்கு முன்னர் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில்தான் அவை தரித்து நின்றன. அவற்றின் இறக்கையும் பன்தரைப் போல நேரானதுதான்.

சாய்ந்த இறக்கை என்ன செய்கிறது?

விமானம் முன்னே போகும்போது, இறக்கையின் மேற்புறத்தில் ஓடும் காற்று விமானத்தின் வேகத்தைவிடச் சற்று விரைவாக ஓடுகிறது. இதனால் விமானம் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போதே, இறக்கைக்கு மேலுள்ள காற்று சில இடங்களில் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அங்கே அதிர்ச்சி அலைகள் பிறக்கின்றன. காற்றுத் தடை திடீரென்று ஏறுகிறது. விமானம் குலுங்குகிறது. அதற்கு மேல் இயந்திரத்தின் வலுவை எவ்வளவு கூட்டினாலும் வேகம் கூடுவது சொற்பம்தான்.

இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் இந்தச் சிக்கல் பிந்துகிறது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சரிவில் நேரே மேலே ஏறினால் மூச்சு வாங்கும். குறுக்காகச் சாய்ந்து ஏறினால் அதே மலை செங்குத்துக் குறைந்ததாகத் தெரியும். காற்றுக்கும் அப்படித்தான். சாய்ந்த இறக்கையைக் கடக்கும் காற்றுக்கு அந்த இறக்கை மெல்லியதாகத் தெரிகிறது. காற்றின் வேகத்தில் இறக்கையின் முன்விளிம்புக்குச் செங்குத்தாக உள்ள பங்கே அதிர்ச்சி அலையை உண்டாக்குகிறது. 35 பாகை சாய்வில் அந்தப் பங்கு கணக்கின்படி 82 வீதமாகக் குறைகிறது. நடைமுறையில் கிடைக்கும் ஆதாயம் இதைவிடக் குறைவானாலும், போர் விமானத்துக்கு அது பெரிய ஆதாயம்.

ஜேர்மன் விஞ்ஞானி அடோல்ஃப் புசெமன் 1935இல் ரோமில் நடந்த மாநாடு ஒன்றில் இந்த எண்ணத்தை முன்வைத்தார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் றொபேட் ஜோன்ஸ் என்பவர் 1945இல் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார். போர் முடிந்ததும் ஜேர்மன் ஆய்வுக்கூடங்களின் ஆவணங்கள் வெற்றி பெற்ற நாடுகளின் கைகளுக்குப் போயின. அமெரிக்க விமானப்படையின் சேபர் 1947 ஒக்டோபரிலும், மிக்-15 அதே ஆண்டு டிசெம்பரிலும் முதன்முதலாகப் பறந்தன. இரண்டின் இறக்கைகளும் 35 பாகை சாய்ந்தவை.

கடற்படை ஏன் தயங்கியது?

பன்தரும் முதன்முதலாகப் பறந்தது அதே 1947இல்தான். அப்படியிருந்தும் கடற்படை நேரான இறக்கையோடு நின்றதற்குக் காரணம் அறியாமை அல்ல, கப்பல்.

சாய்ந்த இறக்கை வேகமாகப் பறக்கும்போது ஆதாயம் தருகிறது. மெதுவாகப் பறக்கும்போது அதே சாய்வு நட்டமாகிறது. தூக்குவிசை குறைகிறது. காற்று இறக்கையின் நுனியை நோக்கி வழுகிப் போகிறது. இதனால் நுனிப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கிறது. நுனி பின்னால் இருப்பதால் விமானத்தின் மூக்கு தானாக மேலே எழும்புகிறது. மூக்கு எழும்பினால் வேகம் மேலும் குறையும், நிலைமை மேலும் மோசமாகும். தரையிறங்கும் நேரத்தில், கடலுக்கு மேலே சில பத்து மீற்றர் உயரத்தில் இது நடந்தால் விமானி தப்புவது அரிது.

விமானப்படைக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர் நீளமான ஓடுபாதை இருந்தது. அக்காலத்து எசெக்ஸ் வகைக் கப்பலின் தளம் முழுவதுமே ஏறத்தாழ 265 மீற்றர்தான். அதிலும் இறங்குவதற்குக் கிடைத்தது பின்பகுதி மட்டும். விமானத்தின் வாலிலுள்ள கொக்கி தளத்துக்குக் குறுக்கே கட்டியுள்ள கம்பி வடங்களில் ஒன்றைப் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தவறினால் எதிரே தடுப்பு வலை. அதையும் தாண்டினால், முன்பகுதியில் நிறுத்தி வைத்திருக்கும் மற்ற விமானங்களும் அவற்றைச் சுற்றி வேலைசெய்யும் மனிதர்களும்.

ஜெட் இயந்திரம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பழைய சுழலி விமானத்தில் வலுவைக் கூட்டினால் உடனே கிடைக்கும். அக்காலத்து ஜெட் இயந்திரம் வேகம் எடுக்கப் பல விநாடிகள் பிடிக்கும். இறங்கும் கணத்தில் அந்த விநாடிகள் விமானியிடம் இல்லை. 1951இல் மிட்வே கப்பலில் நடந்த சோதனை ஒன்றில், ஜோர்ஜ் டங்கன் என்ற விமானி ஓட்டிய பன்தர் தளத்தின் பின்விளிம்பில் மோதி உடைந்து தீப்பிடித்தது. முன்பகுதி மட்டும் உருண்டுபோக, அவர் தீக்காயங்களோடு உயிர் தப்பினார். அந்தப் படச்சுருள் பின்னர் பல திரைப்படங்களில் காட்டப்பட்டது. நேரான இறக்கையோடு பறந்த விமானத்தின் கதியே இதுவென்றால், சாய்ந்த இறக்கையைப் பற்றிக் கடற்படை யோசித்ததில் வியப்பில்லை.

பன்தர் தாங்கிய போர்

யோசிப்பதற்கான காலத்தைக் கொரியப் போர் குறைத்தது. 1950 நவம்பர் 9ஆம் திகதி, வில்லியம் ஏமன் என்ற விமானி பன்தரால் ஒரு மிக்-15ஐ வீழ்த்தினார். ஜெட் விமானத்தை ஜெட் விமானத்தால் வீழ்த்திய முதல் அமெரிக்கக் கடற்படை விமானி அவரே. ஆனால் திறமையை நம்பி எப்போதும் வேக வித்தியாசத்தை ஈடுசெய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மிக் விரும்பினால் சண்டைக்கு வரும், விரும்பாவிட்டால் விலகிப் போகும். அந்தத் தெரிவு பன்தரின் விமானிக்கு இல்லை.

1952 நவம்பர் 18ஆம் திகதி நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒறிஸ்கனி கப்பலிலிருந்து பறந்த றொய்ஸ் வில்லியம்ஸ் ஏழு சோவியத் மிக்-15 விமானங்களோடு மோதி, நான்கை வீழ்த்தினார். திரும்பி வந்து இறங்கிய அவருடைய பன்தரில் 263 துளைகள் எண்ணப்பட்டன. சோவியத் விமானிகளோடு நேரடியாக மோதியதை அமெரிக்கா வெளியில் சொல்ல விரும்பவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. பல பத்தாண்டுகள் அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 2023இல்தான் அவருக்குக் கடற்படைச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்றோங்கும் அந்தப் போரில் பன்தர் ஓட்டியவர்தான். 1951 செப்டெம்பரில் தாழப் பறந்தபோது குறுக்கே கட்டியிருந்த கம்பி வடம் ஒன்றில் பட்டு அவருடைய இறக்கையின் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. நட்பு எல்லைக்குத் திரும்பிவந்து பரசூட்டில் குதித்துத் தப்பினார்.

அவர் ஏன் அவ்வளவு தாழப் பறந்தார்? பன்தரின் பெரும்பாலான வேலை வான்சண்டை அல்ல. பாலம், புகையிரதப் பாதை, வீதி, களஞ்சியம் என்று தரையைத் தாக்குவதே அதன் அன்றாட வேலை. கீழே இருந்தவர்களின் கணக்கை எந்த விமான வரலாற்று நூலும் முழுமையாக எழுதுவதில்லை. விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய எங்களுக்கு அந்தப் பக்கத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் மேலே பறந்த இயந்திரம் எப்படி உருவானது, அதை ஓட்டியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதையும் அறிந்தால்தான் வரலாறு முழுமையாகும்.

ஆறு மாதத்தில் ஒரு விமானம்

மிக்-15 களத்தில் தோன்றியதும் கடற்படை கிறமன் நிறுவனத்திடம் கேட்டது இதுதான்: பன்தருக்குச் சாய்ந்த இறக்கை பூட்ட முடியுமா? நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் இயங்கிய அந்த நிறுவனத்தோடு 1951 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி முதல் கூகர் பறந்தது. இடையில் ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமான காலமே சென்றது.

இவ்வளவு விரைவாக முடிந்ததற்குக் காரணம், இருந்ததை வைத்துக்கொண்டு மாற்றவேண்டியதை மட்டும் மாற்றியதுதான். உடல், செங்குத்து வால், சக்கரங்கள் என்பன பெரும்பாலும் பன்தருடையவை. கடற்படையின் பதிவிலும் அது புதிய விமானமாக அல்ல, எஃப்9எஃப் வரிசையின் ஆறாவது வடிவமாகவே இடம்பெற்றது. பெயர் மட்டும் புதிது.

மாற்றங்கள் யாவும் ஒரே நோக்கத்தைக் கொண்டவை: வேகமாகப் பறக்கும் இறக்கையை மெதுவாகவும் பறக்கவைப்பது. இறக்கையும் கிடைவாலும் 35 பாகை சாய்க்கப்பட்டன. பன்தரின் இறக்கை நுனிகளிலிருந்த எரிபொருள் தாங்கிகள் அகற்றப்பட்டன. இறக்கை அகலமாக்கப்பட்டது. முன்விளிம்பில், மெதுவாகப் பறக்கும்போது முன்னே நகர்ந்து காற்றைச் சீராக்கும் தகடுகள் பொருத்தப்பட்டன. பின்பக்கத்தில் கீழே விரியும் தகடுகள் பெரிதாக்கப்பட்டன. விமானத்தைப் பக்கவாட்டில் சரிப்பதற்கு வழக்கமான நுனித் தகடுகளுக்குப் பதிலாக, இறக்கையின் மேற்புறத்தில் எழுந்து நின்று தூக்குவிசையைக் கெடுக்கும் தகடுகள் வந்தன. காற்று நுனியை நோக்கி வழுகாமலிருக்க இறக்கையின் மேலே சிறு வேலி போன்ற தடுப்புகள் வைக்கப்பட்டன.

இயந்திரம் நீனைப் பெருப்பித்துச் செய்த 'ரே' என்பதன் அமெரிக்க வடிவமான ஜே48. ஆயுதம் நான்கு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள். கடல் மட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,050 கிலோமீற்றர் வேகம். பாய்ந்து கீழிறங்கும்போது ஒலியின் வேகத்தையும் தாண்டும்.

1952 இறுதியில் முதல் கூகர்கள் அணிகளுக்கு வந்தன. ஆனால் கொரியாவுக்குப் போகவில்லை. 1953 யூலை 27ஆம் திகதி போர்நிறுத்தம் கையெழுத்தானது. எந்த விமானத்துக்குப் பதிலாகக் கூகர் உருவாக்கப்பட்டதோ, அந்த மிக்-15ஐ நோக்கி அது ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கப்பலும் மாறியது

எதிரியின் விமானம் அல்ல, கப்பலின் தளம்தான் அக்காலத்துக் கடற்படை விமானிகளைக் கொன்றது. 1954ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் விபத்துகளில் 776 விமானங்களையும் 535 உயிர்களையும் இழந்தன. அது போர் நடக்காத ஆண்டு.

இந்தச் செலவைக் குறைத்தவை பிரித்தானியக் கடற்படையிலிருந்து வந்த மூன்று எண்ணங்கள். முதலாவது, கோணத் தளம். டெனிஸ் கம்பெல் என்ற அதிகாரி 1951இல் முன்வைத்தது இது. இறங்கும் பாதையைக் கப்பலின் அச்சிலிருந்து சில பாகை இடதுபுறம் திருப்பிவிட்டால், கம்பியைத் தவறவிடும் விமானம் எதிரே நிற்கும் விமானங்களில் மோதாது. வலுவைக் கூட்டி மீண்டும் எழும்பி, சுற்றி வந்து திரும்ப முயற்சி செய்யலாம். அமெரிக்கர்கள் இதை 1953 தொடக்கத்தில் அன்ரீற்றம் கப்பலில் பரிசோதித்தார்கள்.

இரண்டாவது, நிக்கொலஸ் குட்ஹார்ட் கண்டுபிடித்த கண்ணாடி வழிகாட்டி. அதுவரை தளத்தின் ஓரத்தில் நின்ற ஓர் அதிகாரி கைத்தட்டிகளை அசைத்து, உயரம் கூட, குறைவு என்று விமானிக்குச் சைகை காட்டுவார். ஜெட் வரும் வேகத்துக்கு அது போதவில்லை. கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, தான் சரியான சரிவில் வருகிறேனா என்று விமானி தானே அறிந்துகொள்ள முடிந்தது.

மூன்றாவது, கொலின் மிச்செல் உருவாக்கிய நீராவிக் கவண். கப்பல் கொதிகலனின் நீராவியால் இயங்கும் இது, பாரமான ஜெட் விமானத்தை வேண்டிய வேகத்தில் கப்பலிலிருந்து எறிந்துவிடும்.

கூகர் இந்த மாற்றங்களின் நடுவே சேவைசெய்த விமானம். நேரான பழைய தளத்தில் இறங்கிய கூகர்களும் உண்டு, கோணத் தளத்தில் இறங்கியவையும் உண்டு. சாய்ந்த இறக்கை கப்பலுக்கு ஆகாது என்ற வாதம் அந்தச் சில ஆண்டுகளில் அடங்கிப்போனது.

பின்வந்த வடிவங்கள்

முதல் வடிவமான எஃப்9எஃப்-6 மொத்தம் 646 கட்டப்பட்டது. வேறு நிறுவனத்தின் இயந்திரத்தைப் பூட்டிய எஃப்9எஃப்-7 168 வந்தது. அந்த இயந்திரம் திருப்தி தராததால் அவற்றில் பலவற்றுக்குப் பின்னர் ஜே48 பூட்டினார்கள். 1954 ஜனவரியில் பறந்த எஃப்9எஃப்-8 இன்னும் செம்மையானது. உடல் சற்று நீண்டது, இறக்கை மேலும் அகன்றது, எரிபொருள் கூடியது. முன்விளிம்பின் நகரும் தகடுகளுக்குப் பதிலாக நிரந்தரமாக வளைந்த விளிம்பு வந்தது. இவ்வடிவத்தில் சில அணுகுண்டு சுமக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டன.

1954 ஏப்ரல் 1ஆம் திகதி மூன்று கூகர்கள் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து நியூயோர்க் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீற்றரை, வானிலேயே எரிபொருள் நிரப்பி, நான்கு மணித்தியாலத்துக்குள் கடந்தன. 1950களின் நடுப்பகுதியில் 'புளூ ஏஞ்சல்ஸ்' சாகச அணியும் கூகரில் பறந்தது.

ஆனால் போர் விமானமாக அதன் வாழ்வு குறுகியது. 1950களின் இறுதிக்குள் ஒலியின் வேகத்தை மட்டமாகப் பறந்தே தாண்டும் விமானங்கள் வந்துவிட்டன. கூகர்கள் முன்னணி அணிகளிலிருந்து விலக்கப்பட்டன. பல ஆளில்லா இலக்குகளாக மாற்றப்பட்டு, ஏவுகணைப் பரிசோதனைகளில் சுட்டு வீழ்த்தப்பட்டன.

ஆசிரியராக வாழ்ந்த காலம்

நீண்டு நிலைத்தது இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி வடிவம்தான். 1956 பெப்ரவரியில் முதலில் பறந்த இது 377 கட்டப்பட்டது. முன்னே மாணவர், பின்னே ஆசிரியர். சாய்ந்த இறக்கை மெதுவாகப் பறக்கும்போது எப்படி நடந்துகொள்ளும், கொக்கி கம்பியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இளம் விமானிகள் இந்த இருக்கைகளில் இருந்துதான் படித்தார்கள். வியட்நாமில் போரிட்ட கடற்படை விமானிகள் பலர் இதில் பழகியவர்கள்.

கூகர் போர்க்களத்தைக் கண்டதும் இந்த வடிவில்தான். 1966, 1967ஆம் ஆண்டுகளில் மரைன் படை நான்கு இரட்டை இருக்கைக் கூகர்களை வியட்நாமில் பயன்படுத்தியது. தாக்குதல் விமானங்களுக்கு இலக்கைக் காட்டி வழிநடத்துவது அவற்றின் வேலை. அமெரிக்காவுக்கு வெளியே ஆர்ஜென்ரீனா மட்டும் இரண்டு கூகர்களை வைத்திருந்தது. அமெரிக்காவின் கடைசிப் பயிற்சிக் கூகர் 1974 பெப்ரவரியில் ஓய்வுபெற்றது.

வெற்றிகளை மட்டும் வரவில் வைத்தால் கூகரின் ஐந்தொகை வெறுமையாகத்தான் தெரியும். வீழ்த்திய எதிரி விமானம் ஒன்றுமில்லை. ஆனால் சாய்ந்த இறக்கையைச் சிறு தளத்தில் உயிரோடு இறக்க முடியும் என்று காட்டியதும், ஒரு தலைமுறை விமானிகளுக்கு அதைப் பழக்கியதும் அதன் கணக்கில்தான் சேரும். இன்று கப்பல்களிலிருந்து பறக்கும் ஜெட் போர் விமானங்கள் பின்சாய்ந்த விளிம்போடு வருவதை எவரும் கேள்வி கேட்பதில்லை.

நியூயோர்க்கில் உள்ள இன்றெபிட் கப்பல் அருங்காட்சியகத்திலும், புளோரிடாவின் பென்சகோலாவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்திலும் கூகரைப் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இறக்கையை முன்னாலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலே வேலி போல நிற்கும் மெல்லிய தகடு கண்ணில் படும். காற்றை நுனிக்கு வழுகவிடாமல் தடுத்தது அதுதான்.